எதை வெட்டுவீர்கள்?

யெஸ் இசைக்குழுவின் ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ ஆல்பத்தின் மேல் எழுதப்பட்ட தீர்ப்பு ஐம்பது ஆண்டுகளாக மேல்முறையீடு இல்லாமல் நிற்கிறது. தீர்ப்பு இதுதான்: 1973 டிசம்பரில் வந்த இந்த இரட்டைத் தட்டு ஓர் இழுவை. நான்கு பக்கங்களுக்கு நான்கே பாட்டு, மொத்தம் 81 நிமிடம். அதில் நல்ல இசை 40 நிமிடம் தேறும். மிச்சம் தட்டை நிரப்பப் போட்ட சக்கை. இந்து சாஸ்திரங்களைப் பற்றி ஒரு புத்தகத்தில் கண்ட அடிக்குறிப்பை வைத்துக்கொண்டு பாடகர் ஜான் ஆண்டர்சன் ஞானியாக வேடம் கட்டினார். குழுவின் கீபோர்டுக் கலைஞர் ரிக் வேக்மனே வெறுத்துப்போய் வெளியேறினார். புரோகிரசிவ் ராக்கின் தலைக்கனம் இங்கே உச்சிக்கு ஏறியது. அதைத் தட்டி இறக்கத்தான் பங்க் பிறந்தது.

இதைச் சொல்பவர்கள் யெஸ்ஸின் எதிரிகள் மட்டுமென்றால் விட்டுவிடலாம். சொல்பவர்களில் பாதிப் பேர் அந்தக் குழுவின் ரசிகர்கள். 1972-இல் வந்த ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ ஆல்பத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடிவிட்டு, அடுத்த மூச்சிலேயே ‘டேல்ஸ்’ பக்கம் போகாதே என்று புதிதாகக் கேட்க வருபவனை எச்சரிக்கிறார்கள். அவனும் போவதில்லை. கேட்காமலே ஒப்புக்கொள்ளப்பட்ட தீர்ப்புகளில் இதுவும் ஒன்று.

ஆல்பத்துக்கு ஆதரவாக வழக்கமாக வைக்கப்படும் இரண்டு வாதங்களை முதலில் நானே தள்ளிவிடுகிறேன். பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, அமெரிக்காவில் ஆறாமிடம் வரை போனது, முன்பதிவிலேயே தங்கத்தட்டு வாங்கியது என்பார்கள். அந்த முன்பதிவெல்லாம் முந்தைய ஆல்பத்தின் புண்ணியம். இந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்து வாங்கியவர்கள் அல்ல. இன்னொரு வாதம் நம் ஊர் ரசிகர்களுடையது: ஒரு மணி நேரம் ராகம் தானம் பல்லவி கேட்கிறோமே, இருபது நிமிடம் நமக்கு ஒரு நீளமா என்பது. அங்கே பாடகர் மேடையில் அந்த நேரத்தில் கற்பனை செய்கிறார். இங்கே எல்லாம் முன்கூட்டியே கட்டப்பட்டு, நாடாவில் அடுக்கடுக்காகப் பதிந்து, ஒட்டிச் சேர்த்தது. ஒன்றின் நீளத்துக்கு மற்றொன்று சாட்சி சொல்ல முடியாது.

1. சக்கை என்கிறீர்களே, எது சக்கை?

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் வேக்மனுடையது. அதை அதன் முழு வலுவோடு சொல்கிறேன். எல்.பி. தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே அடங்கும். இவர்களிடம் ஒரு தட்டுக்கு அதிகமாகவும் இரண்டு தட்டுக்குக் குறைவாகவும் இசை இருந்தது. குறுந்தட்டுக் காலமாக இருந்திருந்தால் ஐம்பது நிமிடத்தோடு நிறுத்தியிருப்பார்கள். அந்த வசதி இல்லாததால் நீட்டி முழக்கினார்கள்.

கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இருக்கிற தடயங்கள் எதிர்த் திசையைக் காட்டுகின்றன. முதல் பக்கத்துப் பாட்டான ‘தி ரிவீலிங் சயின்ஸ் ஆஃப் காட்’டுக்கு இரண்டு நிமிட அளவில் ஒரு முன்னிசை இருந்தது, தட்டில் அது வரவில்லை. 2003-இல் ரைனோ நிறுவனம் மறுபதிப்பில் அதைத் திரும்பச் சேர்த்த பிறகுதான் எல்லோரும் கேட்டார்கள். அந்தப் பாட்டு இன்னும் நீளமாக இருந்தது, தட்டின் அளவுக்காகக் குறைத்தோம் என்று கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹவ் சொல்லியிருக்கிறார். இடத்தை நிரப்பத் திணறியவர்கள் கையில் இருந்த இசையை எதற்காக வெட்டி எறிந்தார்கள்?

மேடைக்கு வாருங்கள். தட்டின் பக்க அளவுக்காகத்தான் இழுத்தார்கள் என்றால், அந்த அளவுக் கட்டாயம் இல்லாத மேடையில் பாட்டுகள் சுருங்கியிருக்க வேண்டும். நான்காம் பக்கத்து ‘ரிச்சுவல்’ தட்டில் இருபத்தொன்றரை நிமிடம். 1976-இல் மேடையில் பதிவு செய்து 1980-இல் ‘யெஸ்ஷோஸ்’ ஆல்பத்தில் வெளியிட்ட அதே பாட்டு கிட்டத்தட்ட 29 நிமிடம். சுருங்கவில்லை, வளர்ந்திருக்கிறது. 1974 சுற்றுப்பயணத்தின் நடுவில் இரண்டாம் பக்கத்தைக் கைவிட்டார்களே என்று கேட்பார்கள். கைவிட்டார்கள். ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ முழுவதையும் வாசித்துவிட்டு அதன்மேல் இந்த 81 நிமிடத்தையும் ஊர் ஊராக வாசிப்பது யாருக்கும் பாரம்தான். அப்போதும் ஒரு பக்கத்தை முழுதாக எடுத்தார்களே தவிர, மிச்சப் பக்கங்களை உள்ளே அரிந்து சிறிதாக்கவில்லை.

இனி என் கேள்வி. இதற்குள் ஒரு அற்புதமான ஒற்றைத் தட்டு ஒளிந்திருக்கிறது என்று சொல்லும் ஒவ்வொருவரும் எதை வெட்டுவார்? சிலர் இரண்டாம் பக்கமும் மூன்றாம் பக்கமும் வேண்டாம், முதலும் கடைசியும் போதும் என்பார்கள். மூன்றாம் பக்கத்தின் முடிவில் வரும் அக்கூஸ்டிக் கிட்டார்ப் பாட்டை மட்டும் காப்பாற்றி, அதற்கு முன்னால் வருவதைக் குப்பையில் போடச் சொல்பவர்கள் உண்டு. நான்காம் பக்கத்தின் தாளவாத்தியப் பகுதி போனால் போதும் என்று ஒரு கூட்டம். இரண்டாம் பக்கம்தான் உயிர், முதல் பக்கத்தைக் குறைக்கலாம் என்று இன்னொரு கூட்டம். உண்மையிலேயே சக்கை என்று ஒன்று இருந்தால், அது எது என்பதில் இவ்வளவு குழப்பம் வராது. இவர்கள் சக்கையைக் கண்டுபிடித்துவிட்டு நீளத்தைக் குறை சொல்லவில்லை. நீளம் தப்பு என்று முடிவு கட்டிவிட்டுச் சக்கையைத் தேடுகிறார்கள்.

தேடும் இடங்களையே எடுத்துக்கொள்வோம். ‘தி ரிமெம்பரிங்’ என்ற இரண்டாம் பக்கத்தைத் தூக்கமாத்திரை என்பது வழக்கம். அந்தப் பாட்டின் விஷயம் நினைவு. ஒரு மெல்லிய மெட்டு வருகிறது, மெல்லோட்ரானின் அலையில் கரைகிறது, நாட்டுப்புறப் பாட்டின் சாயலில் வேறொன்று குறுக்கிடுகிறது, முதலாவது திரும்பி வருகிறது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அதன் கீழே கிறிஸ் ஸ்குயரின் பேஸ் வேறு இடத்தில் நிற்கிறது. அவருடைய வாசிப்பில் இவ்வளவு நிதானமும் நெகிழ்வும் கூடிவந்த இடங்கள் குறைவு. இதில் ‘திரும்பத் திரும்ப வருகிறதே’ என்று ஒரு வருகையை வெட்டினால் அடுத்த வருகைக்கு அர்த்தமே போய்விடும். ஒன்று மறந்துபோகும் அளவுக்கு நேரம் கழிந்தால்தான் அது நினைவுக்கு வர முடியும். எட்டு நிமிடத்தில் இந்தப் பாட்டைச் செய்ய முடியாது. செய்தால் அது வேறு பாட்டு.

மூன்றாம் பக்கமான ‘தி ஏன்ஷியன்ட்’டின் கதையும் இதுவே. முதல் மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஆலன் ஒயிட்டின் தாளக்கருவிகளும் ஹவ்வின் ஸ்டீல் கிட்டாரும் காதைக் கிழிக்கின்றன. உலகின் பல மொழிகளில் சூரியனுக்கு உள்ள பெயர்களை ஆண்டர்சன் நடுநடுவே உச்சாடனம் போல் சொல்கிறார். பிறகு எல்லாம் அடங்கி, தனிக் கிட்டாரும் குரலும். 2016 சுற்றுப்பயணத்தில் யெஸ் இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் தனியே எடுத்து வாசித்தது. அழகான பாட்டுதான், கைதட்டலும் உண்டு. ஆனால் அந்த முரட்டு ஓசையைக் கடந்து வந்தவனுக்குக் கிடைக்கும் ஆசுவாசம், நேராக இங்கே இறக்கிவிடப்பட்டவனுக்குக் கிடைக்காது.

2. வேக்மன் சாட்சி சொல்கிறார் என்கிறீர்கள். எதற்குச் சாட்சி?

லண்டன் மார்கன் ஸ்டுடியோவில் பதிவு நடந்த மாதங்களைப் பற்றிய கதைகள் பிரபலம். நகரத்தை விட்டுக் கிராமத்தில் போய்ப் பதிவு செய்யலாம் என்ற ஆசையைச் சமாதானப்படுத்த ஸ்டுடியோவுக்குள் வைக்கோல் கட்டுகளும் பொம்மைப் பசுவும் கொண்டுவந்து வைத்தார்கள். வேக்மன் பெரும்பாலும் மதுக்கூடத்தில் டார்ட்ஸ் எறிந்துகொண்டிருந்தார். பக்கத்து அறையில் பதிவு செய்துகொண்டிருந்த பிளாக் சபாத்துக்கு ஒரு பாட்டில் வாசித்துக் கொடுத்துவிட்டுக் கூலியாக பீர் வாங்கிக்கொண்டார். சுற்றுப்பயணத்தில் மான்செஸ்டர் மேடையில், பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே கீபோர்டு அடுக்குக்குப் பின்னால் குழம்பும் சோறும் வரவழைத்துச் சாப்பிட்டார். சொல்லச் சொல்லச் சிரிப்பு வரும். வேக்மன் நல்ல கதைசொல்லி. ஆனால் இந்தக் கதைகள் எதை நிரூபிக்கின்றன? ஒரு கலைஞருக்கு அந்த வேலை சலித்துவிட்டது என்பதை. ஆல்பத்தின் அடித்தளத்தை ஆண்டர்சனும் ஹவ்வும் சுற்றுப்பயணத்தின் இடையே விடுதி அறைகளில் உட்கார்ந்து, குறிப்பாக ஜார்ஜியா மாநிலத்து சவானாவில் ஓர் இரவு முழுக்க விழித்திருந்து, போட்டுவிட்டார்கள். மற்ற மூவரும் ஏற்கெனவே வரைந்து முடித்த வீட்டுக்குள் குடிபுகுந்தவர்கள். ஸ்குயரும் ஒயிட்டும் அதில் தங்கள் அறையைக் கண்டுபிடித்தார்கள், வேக்மன் கண்டுபிடிக்கவில்லை. மனவருத்தம் நியாயமானது. அதை இசையின் மேல் தீர்ப்பாக வாசிப்பது நியாயமில்லை.

நீட்டி முழக்குவதற்கு எதிரான போராளி என்று அவரைக் காட்டுவது அதைவிட வேடிக்கை. வேக்மன் 1974 ஜனவரியில் லண்டன் சிம்பொனி இசைக்குழுவையும் பாடகர் கூட்டத்தையும் மேடையேற்றி ‘ஜர்னி டு தி சென்டர் ஆஃப் தி எர்த்’தைப் பதிவு செய்தார். 1975-இல் ஆர்தர் மன்னன் கதையை வெம்பிளி அரங்கில் பனிச்சறுக்கு நாட்டியமாக நடத்தினார். ஆள் அப்படிப்பட்டவர் என்பதால் அவர் வாதம் பொய்யாகிவிடாது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் வாதத்தை மேலே தனியாக எடுத்து ஆராய்ந்தேன். பிரம்மாண்டம் பிடிக்காமல் வெளியேறினார் என்ற கதையை மட்டும் இனி யாரும் சொல்ல வேண்டாம்.

இதைவிட முக்கியமான ஒன்றை யாரும் கவனிப்பதில்லை. அவர் திரும்பி வந்தார். 1977-இல் வந்த ‘கோயிங் ஃபார் தி ஒன்’ ஆல்பத்தில் ‘அவேக்கன்’ என்ற பதினைந்து நிமிடப் பாட்டு இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் வேவே ஊர் தேவாலயத்து ஆர்கனை வேக்மன் வாசிக்க, தொலைபேசிக் கம்பி வழியாக அதை மோன்த்ரோ ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். யெஸ்ஸின் ஆகச்சிறந்த பாட்டு அதுதான் என்று ‘டேல்ஸை’ வெறுக்கும் ரசிகர்களும் சத்தியம் செய்வார்கள். அந்தப் பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது? மந்திரம் போன்ற குரல், நடுவில் தாளம் ஏறக்குறைய நின்றுபோய் மணியோசையும் ஹார்ப்பும் மட்டும் மிதக்கும் நீண்ட வெளி, அங்கிருந்து மெதுவாக மேலேறும் ஆர்கன், பிறகு தொடங்கிய இடத்துக்கே திரும்புதல். இந்த வித்தையை அவர்கள் எந்த ஆல்பத்தில் கற்றார்கள்? ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ஜின் நடுப்பகுதியில் அதன் விதை இருக்கிறது, அதை வைத்து நான்கு பக்கம் சோதனை செய்தது ‘டேல்ஸ்’. பயிற்சிக்கூடத்தைச் சபித்துவிட்டு, அங்கே வளர்ந்த உடம்பை மட்டும் மெச்சுகிறார்கள்.

3. ‘ஓர் அடிக்குறிப்பை வைத்துக்கொண்டு எண்பது நிமிடமா?’

நையாண்டிக்கு வசதியான இடம். 1973 மார்ச்சில், டோக்கியோ விடுதி அறையில், பரமஹம்ச யோகானந்தரின் ‘ஒரு யோகியின் சுயசரிதம்’ புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்த ஆண்டர்சன், சாஸ்திரங்களை நான்கு வகையாகப் பிரித்துச் சொல்லும் நீண்ட அடிக்குறிப்பில் சிக்கிக்கொண்டார். சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம். நான்கு வகை, நான்கு பக்கம், ஆல்பம் தயார். தட்டின் உறையில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

நான் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: சாஸ்திர விளக்கமாக இந்த ஆல்பம் செல்லாக் காசு. புராணம் என்ற பெயரில் வரும் மூன்றாம் பக்கத்தில் நம் புராணம் எதுவும் இல்லை. ரோஜர் டீன் வரைந்த உறைப்படத்தில் மாயன் கோயிலும் நாஸ்கா கோடுகளும் இங்கிலாந்துப் பாறைகளும் ஒரே நிலக்காட்சியில் நிற்பதைப் போல, ஆண்டர்சனுக்குப் பழமை என்றால் எல்லாப் பழமையும் ஒன்று. உறைக் குறிப்பு எழுதாமலே இருந்திருக்கலாம். எழுதியதால்தான் விமர்சகர்களுக்கு இசையைக் கேட்காமலே கேலி செய்ய ஒரு காகிதம் கிடைத்தது.

ஆனால் இந்த அளவுகோலை ஒரே ஆல்பத்தின் மேல் மட்டும் ஏன் வைக்கிறீர்கள்? ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ பாட்டுக்குத் தூண்டுதல் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’. ஜெர்மானிய நாவலாசிரியர் ஒருவர் கற்பனை செய்த இந்தியா. அதுவும் இரண்டாம் கை இந்தியாதான். யோகானந்தராவது கோரக்பூரில் பிறந்தவர். நாவலின் வழியாக வந்த ஞானத்தை மன்னித்து, அடிக்குறிப்பின் வழியாக வந்ததைத் தண்டிப்பதற்கு ஒரே காரணம்தான் எனக்குத் தெரிகிறது. அது 18 நிமிடம், இது 81 நிமிடம். சுற்றிச் சுற்றி அதே நீளக் கணக்குக்குத்தான் வந்து நிற்கிறார்கள்.

வரிகள் புரியவில்லை என்ற புகாரும் அப்படியே. ஆண்டர்சன் எந்த ஆல்பத்தில் புரிகிற மாதிரி எழுதினார்? சொல்லை அதன் ஒலிக்காகத் தேர்ந்து, குரலை இன்னொரு வாத்தியமாக்குவது ஆரம்பத்திலிருந்தே அவர் பழக்கம். முன்பு அது கவித்துவம். இங்கே மட்டும் பிதற்றல்.

அடிக்குறிப்பு இசைக்கு என்ன செய்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அது நான்கு வெவ்வேறு குணங்களைக் கொடுத்தது. முதல் பக்கம் விரிந்துகொண்டே போகிறது. உச்சாடனம் போலத் தொடங்கி, பாட்டாகி, கடைசிப் பகுதியில் வேக்மனின் மினிமூக் தனியாவர்த்தனத்தில் கொதிக்கிறது (அவருக்குச் சலிப்பு என்று தெரியாமல் கேட்டால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்). இரண்டாவது சுழல்கிறது. மூன்றாவது மோதுகிறது. நான்காவது, முந்தைய பக்கங்களின் சாயல்களைக் கிட்டாரில் தொட்டு, ஸ்குயரின் பேஸுக்கு வழிவிட்டு, மூன்று பேர் சேர்ந்து தாளக்கருவிகளை அறையும் ஒரு போர்க்களத்தில் இறங்கி, பியானோவும் குரலுமாகக் கரையேறுகிறது. ஒரே அச்சில் நான்கு முறை வார்த்த பாட்டுகள் அல்ல இவை. இரட்டை ஆல்பங்களில் இந்த அளவுக்குப் பக்கத்துக்குப் பக்கம் வேறுபாட்டைத் திட்டமிட்டுச் செய்தவை எத்தனை?

4. பங்க் இதனால் பிறந்தது என்பது வரலாறே அல்ல.

1973 டிசம்பரில் வந்த தட்டுக்கு 1976 நவம்பரில் பதிலடியா? நடுவில் இருந்த மூன்று ஆண்டுகளில் ஜெனிஸிஸின் இரட்டை ஆல்பம் வந்தது, யெஸ்ஸே ‘ரிலேயர்’ போட்டது. 1977-இல், செக்ஸ் பிஸ்டல்ஸ் இங்கிலாந்தை உலுக்கிய அதே கோடையில், ‘கோயிங் ஃபார் தி ஒன்’ பிரிட்டனில் முதலிடத்தில் இருந்தது. அந்த ஜூலையில் பிஸ்டல்ஸின் ஜானி ராட்டன் கேப்பிடல் ரேடியோவில் தனக்குப் பிடித்த தட்டுகளைப் போட்டபோது, வான் டெர் கிராஃப் ஜெனரேட்டரின் பீட்டர் ஹாமில் பாட்டுகளைப் போட்டார். புரோகிரசிவ் ராக்கின் கொடுங்கோலிலிருந்து விடுதலை வாங்கித் தந்ததாகச் சொல்லப்படும் மனிதர் வீட்டில் கேட்டது அதே வகை இசை! வேலையில்லாமை, சின்ன மேடைகள் இல்லாமல் போனது, பதினெட்டு வயதுக்காரர்களுக்கு முப்பது வயதுக்காரர்களின் இசை அலுத்தது என்று பங்க்குக்கு ஆயிரம் காரணங்கள். ஒரு தட்டின் தலையில் பழியைப் போடுவது, கதையைச் சின்னதாக்கி எழுத விரும்பிய பத்திரிகைக்காரர்களுக்கு உதவியது.

இந்தக் கதையின் விளைவு மோசமானது. நீளம் என்பது அழகியல் கேள்வியாக இல்லாமல் ஒழுக்கக் கேள்வியாகிவிட்டது. மூன்று நிமிடம் நேர்மை, இருபது நிமிடம் ஆணவம். தோற்ற மூன்று நிமிடப் பாட்டை ‘சரியாக வரவில்லை’ என்போம். தோற்ற இருபது நிமிடப் பாட்டை ‘என்ன திமிர்’ என்போம். ‘டேல்ஸ்’ வந்து ஆறு ஆண்டுகள் கழித்து பிங்க் ஃபிளாய்ட் ‘தி வால்’ என்ற இரட்டை ஆல்பத்தைப் போட்டபோது இதே விமர்சனம் இவ்வளவு ஒட்டவில்லை. காரணம், அது துண்டு துண்டான பாட்டுகளாக வந்தது. மொத்த நேரம் கிட்டத்தட்ட ‘டேல்ஸ்’ அளவுதான்.

5. அப்படியானால் ஆல்பத்தில் குறையே இல்லையா?

இருக்கிறது. ஒலிக்கலவை மங்கல். ஒலிப்பொறியாளர் எடி ஆஃபோர்டின் கைவண்ணம் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ஜில் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது, இங்கே குரல்களும் மெல்லோட்ரானும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, நடுவில் இருக்கும் மெட்டுகள் அமுங்கிவிட்டன. இரண்டாம் பக்கத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்ற புகாரில் பாதி, நடப்பது காதில் விழவில்லை என்பதுதான். 2016-இல் வந்த ஸ்டீவன் வில்சனின் மறுகலவையில் அதே வாசிப்பு, அதே நிமிடங்கள். அமுங்கிக் கிடந்தவை எழுந்து நிற்கின்றன. ‘ரிச்சுவல்’ தாளப்பகுதி தட்டில் ஒல்லியாக ஒலிக்கிறது. மேடைப் பதிவில்தான் அதன் உடம்பு தெரியும். மூன்றாம் பக்கத்தின் ஆரம்பத்தில் ஹவ் தன் விரல்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே சுதந்திரம் கொடுத்துவிட்டார். ஐந்து பேர் குழுவில் இரண்டு பேர் கட்டிய கட்டடம் என்பதும் சில இணைப்புகளில் தெரிகிறது: ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும்போது வாசல் இல்லாமல் சுவரைத் தாண்டுகிற மாதிரி இருக்கிறது.

இந்தக் குறைகளை எழுதி நீட்டினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். 81 என்ற எண் மட்டும் அந்தக் காகிதத்தில் எங்கும் இருக்கக் கூடாது.